திருவலையில் ஒரு தட்டு

எங்கள் அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இருபத்தேழு வருடம் ஒரே வீட்டில் இருந்த மகள் சொல்கிற கதையா இது என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் டொக்டரும் அதைத்தான் கேட்டார்.

அம்மாவின் பெயர் சிவனேஸ்வரி. உருத்திரபுரத்தில் பிறந்து, அதே உருத்திரபுரத்தில் இரண்டு வாய்க்கால் தள்ளி வாழ்க்கைப்பட்டவர். அப்பா யோகலிங்கத்துக்கு இரணைமடுத் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. அம்மா அந்த வயலில் களை பிடுங்கினார், அந்த வீட்டில் சமைத்தார், என்னைப் பெற்றார், இரண்டு தரம் இடம்பெயர்ந்து இரண்டு தரம் திரும்பி வந்தார். வாழ்க்கை வரலாறு என்று எழுதினால் இவ்வளவுதான் வரும். மிச்சமெல்லாம் குசினிக்குள் நடந்தது, அதை நாங்கள் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் அப்பா. பிறகு நான். வந்தவர் போனவர் இருந்தால் அவர்கள். அதற்குப் பிறகு நாய். கடைசியில் அம்மா. நாய்க்கும் பிறகா என்றால், ஓம், நாய்க்கும் பிறகுதான். அது குசினி வாசலில் நின்று முனகும். அந்த முனகல் பொறுக்காமல் முதலில் அதற்கு வைத்துவிடுவார். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு தேங்காய் துருவுகிற திருவலைக் கட்டையில் அடுப்பைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவார். அந்த நேரம் யாராவது உள்ளே போனால் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழும்பி, "என்ன, குழம்பு விடவோ?" என்பார். எதற்கு அவரை எழுப்பவேண்டும் என்று நாங்களும் போகாமல் விட்டோம். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டோம். நல்ல மரியாதை.

யுத்தம் முடிந்து எங்களை அடைத்த செட்டிகுளம் முகாமில் குசினி இல்லை, ஒரு தறப்பாள் கூடாரம்தான். எனக்கு அப்போது பதினொரு வயது. அங்கேயும் அம்மா தறப்பாளைப் பார்த்துத் திரும்பி இருந்துதான் சாப்பிட்டார். சாப்பிட்டார் என்று நினைக்கிறேன். முதுகைத்தான் பார்த்தேன்.

ஆனால் மற்றவர்களின் நாக்கு அவருக்கு மனப்பாடம். அப்பாவுக்கு மீன் தலை, அதுவும் புளி தூக்கலாக. எனக்கு அடிப்பிடித்த சோறு. அப்பாவின் அக்கா விமலேஸ்வரி மாமிக்கு உள்ளி தோல் உரிக்காமல் போட்டால்தான் பிடிக்கும். வயல் வெட்டுக்கு வருகிறவர்களில் யார் பிளேன்ரீக்குச் சீனி போடுவார், யார் பனங்கட்டி கடிப்பார் என்பதுகூடத் தெரியும். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாள்கூட எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகு அம்மா மெலியத் தொடங்கினார். சட்டைகளின் ஓரத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தார். "என்னணை, அழகுராணிப் போட்டிக்குப் போறியளோ?" என்று நான் பகிடி விட்டேன். "ஓம், உனக்கு மாப்பிள்ளை பாக்க வாற ஆக்கள் என்னைக் கேக்கட்டும்" என்றார். சீனி வருத்தமாக்கும் என்று அயலில் சொல்ல, கிளினிக்கில் இரத்தம் சோதித்தோம். சீனி இல்லை என்றார்கள். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், அம்மா பாயாசம் காய்ச்சினார்.

இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்திருக்கிறது. சோறு குழைந்து வரத் தொடங்கியது. "என்னப்பா சோறு களியாக் கிடக்கு" என்று அப்பா இரண்டு மூன்று தரம் குறைப்பட்டார். பானையிலிருந்து கஞ்சித்தண்ணீர் காணாமல் போனது. நாய் கொழுத்தது. நாய் கொழுத்ததைப் பார்த்தோம், அதைப் பற்றிக் கதைத்தோம், அம்மாவின் கைச்சாப்பாடு என்று பெருமைப்பட்டோம். அது யாருடைய பங்கைத் தின்று கொழுத்தது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஆவணியில் பரந்தன் சந்திக்குக் கிட்ட, ஏ ஒன்பது வீதியோரம் ஒரு புதிய உணவகம் திறந்தார்கள். முதலாளி லண்டனில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். எனக்கு அங்கே காசாளர் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தரை மணியிலிருந்து 'பிரஞ்ச்' என்று ஒரு சாப்பாடு. எங்கள் பிட்டும் கணவாய்க் கறியும் இடியப்பமும் ஒரு பக்கம், வாட்டின பாணும் முட்டையும் சொசேஜசும் இன்னொரு பக்கம். அதோடு கிராஃப்ட் பியர். ஏதோ ஒரு சின்ன ஆலையில் கொஞ்சமாகக் காய்ச்சிப் புளிக்கவைத்து எடுப்பதாம், பனங்கட்டி வாசம் அடிக்கும், குழாயைத் திருப்பினால் கிளாசில் நுரையோடு வரும். முதலாளிக்கு அந்தக் குழாயில்தான் பெருமை.

பிரஞ்ச் என்றால் என்னவென்று வீட்டில் விளங்கப்படுத்தினேன். காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் சாப்பிடுவது என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பத்தரைக்கு நான் வயலுக்குக் கட்டிக்கொண்டு போறனே, அதுதானே? இவ்வளவு நாளும் அது பேரில்லாமல் கிடந்திருக்கு."

மூன்றாவது ஞாயிறு, வேலை செய்கிறவர்கள் தங்கள் தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்து சாப்பிடவிடலாம் என்று முதலாளி சொன்னார். முழுச் சாப்பாடும் அவருடைய உபயம். அம்மா வரமாட்டேன் என்றார். "நான் வந்து என்ன செய்யிறது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ." நான் சண்டை பிடித்தேன். பிறகு அப்பா, "நீ போகேல்லை எண்டால் நானும் போகேல்லை" என்று சொல்ல, அப்பா நல்ல சாப்பாட்டை இழந்துவிடுவாரே என்றுதான் அம்மா சேலையைக் கட்டினார். சாம்பல் நிறச் சேலை, சட்டை இரண்டு பக்கமும் ஊசி குத்தி இறுக்கியது.

யன்னலோர மேசையில் அவர்களை எதிரும் புதிருமாக இருத்தினேன். முப்பது வருடத்தில் அவர்கள் அப்படி ஒரு மேசையில் முகம் பார்த்து உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். பிரதீபன் என்ற பெடியன்தான் அந்தப் பக்கத்து மேசைகளுக்குப் பரிமாறுகிறவன். அவன் பிட்டோடு வந்ததும் அம்மா எழும்பி அவன் கையிலிருந்த அகப்பையை வாங்கப் போனார்.

"அம்மா, நீங்கள் இருங்கோ. நான் போடுறன்."

"அவருக்கு முதல் போடும், தம்பி."

"ரெண்டு பேருக்கும் ஒண்டாத்தான்" என்றார் அப்பா. "இண்டைக்கு நீயும் என்னோட சாப்பிடு."

காசு மேசையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பள்ளிக்கூடத்தில் முதல் வாங்கில் இருத்திய பிள்ளை மாதிரிக் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா முதலில் எல்லாத்தையும் பார்த்தார், பிறகு எல்லாத்தையும் சாப்பிட்டார். அம்மாவும் பிட்டைக் குழைத்தார், வாய்க்குக் கொண்டுபோனார், மென்றார். எனக்கு ஆட்கள் வரிசையில் நின்றதால் பிறகு பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது மேசையில் இரண்டு பியர் கிளாஸ். அப்பா ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார், முதலாளி தானே வந்து இரண்டாவதை அம்மாவுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா பின்னேரங்களில் கள்ளுத் தவறணைக்குப் போகிறவர். அம்மா அந்தப் பக்கத்துக் காற்றே படாதவர். அப்பா வேண்டுமென்று, "குடிச்சுப் பார், கள்ளுக்குக் கிட்டத்தான்" என்று சொல்ல, அம்மா கிளாசைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுழித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, முழுவதையும் குடித்தார்.

"இது நல்லா இறங்குது" என்றார்.

அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். "பிள்ளை, கொம்மாவை வந்து பார்" என்று என்னைக் கூப்பிட்டார். அம்மா வெட்கத்தில் சேலைத் தலைப்பால் வாயை மூடினார், ஆனால் கண் சிரித்தது. அப்பா தன்னுடையதில் பாதியையும் அவருக்கு ஊற்றினார். அதையும் குடித்தார். பிரதீபன் ஒரு படம் எடுத்தான். அன்று பின்னேரமே அது உணவகத்தின் முகநூலில் வந்துவிட்டது. 'காதலுக்கு வயதில்லை' என்று மேலே எழுதி, கீழே இருநூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்க்கிற எவருக்கும், ஒரு கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகச் சாப்பிட்டுக் குடித்துச் சந்தோசமாக இருக்கிறார்கள் என்றுதான் தெரியும். பொய்யில்லை, அந்த ஒரு மணித்தியாலம் அவர்கள் சந்தோசமாகத்தான் இருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு பிரதீபன் அம்மாவின் தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். தட்டில், கை துடைக்கிற கடதாசியில் சுற்றிய நாலைந்து பொட்டலங்கள். ஒன்றை விரித்துக் காட்டினான். மென்ற பிட்டு.

"அக்கா, சாப்பாடு ஏதும் பிழையோ? அம்மா ஒரு வாயும் விழுங்கேல்லை."

எனக்கு முகம் எரிந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, முதலாளி காட்டிய மரியாதைக்கு அம்மா இப்படிச் செய்துவிட்டாரே என்றுதான் எனக்கு முதலில் வந்தது. அதை எழுத இப்போதும் கை கூசுகிறது. வீட்டுக்குப் போய் அம்மாவோடு சண்டை பிடித்தேன்.

"பிடிக்கேல்லை எண்டால் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே. துப்பிச் சுத்தி வைக்கிறதோ? என்ன நினைப்பினம் அந்தச் சனம்?"

அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆக்களுக்கு முன்னால சாப்பிட்டுப் பழக்கமில்லைப் பிள்ளை. கூச்சமாக் கிடந்தது. இனிச் செய்யமாட்டன்."

மன்னிப்புக் கேட்டார். என்னிடம். நான் அதையும் ஏற்றுக்கொண்டு போய்ப் படுத்தேன்.

அதற்குப் பிறகும் ஆறு கிழமை போனது. ஆறு கிழமை என்பது எத்தனை நாள் என்று நான் எத்தனையோ தரம் கணக்குப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் தேத்தண்ணி நேரத்தில் பிரதீபன் தயங்கித் தயங்கி வந்தான். அவன் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் இருக்கிறது.

"அக்கா, கோவிக்காதீங்கோ. அண்டைக்கு அம்மா விழுங்க ஏலாமல் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சு, நெஞ்சைத் தடவித் தடவிப் பாத்தவா. எங்கட பெரியப்பாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

ஒரு மணித்தியாலம் பரிமாறிய ஒரு பெடியன் அதைக் கண்டான். மனிதர்கள் சாப்பிடுவதைப் பார்ப்பது அவனுக்குத் தொழில். எங்களுக்கு அது தொழிலும் இல்லை, பழக்கமும் இல்லை.

அன்று வேலை முடிவதற்குள் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் இரண்டு மணி. அப்பா சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் குசினி வாசலுக்குப் போனேன். அம்மா திருவலையில் முதுகு காட்டி இருந்தார். ஒரு கோப்பையில் கஞ்சித்தண்ணி. ஒரு மிடறு குடித்துவிட்டு, நெஞ்சில் குத்தியபடி, அது இறங்குகிற வரைக்கும் பொறுத்திருந்தார். பிறகு அடுத்த மிடறு. தட்டில் போட்ட சோறு அப்படியே நாயிடம் போனது.

"எத்தினை நாளாம்மா?" என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். "நீ சாப்பிட்டனியோ?" என்றார்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய், முற்றிவிட்டது. டொக்டர் சின்ன வயது, கோபக்காரர் இல்லை. ஆனால் கேள்வி மேல் கேள்வி கேட்டார். சோறு இறங்காமல் விட்டது எப்போது? இடியப்பம்? பாண்? நேற்று இரவு என்ன சாப்பிட்டா? நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

"நீங்கள் ஒரே வீட்டிலதானே இருக்கிறீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம்" என்றார் அப்பா. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதார். அப்பா அழுது அன்றுதான் கண்டேன்.

பிறகு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கடைசியில் வயிற்றில் ஒரு குழாய் வைத்து வீட்டுக்கு விட்டார்கள். ஒவ்வொரு மூன்று மணித்தியாலத்துக்கும் பாலோ அரைத்த கஞ்சியோ அதற்குள் விடவேண்டும். அதை அப்பா செய்தார். என்னை விடவில்லை. மண்வெட்டி பிடித்த கை, அந்தச் சின்னக் குழாயைப் பிடிக்கவும் பழகிவிட்டது. ஒவ்வொரு தரமும் அம்மா கையால் மறித்துக் கேட்பார்.

"நீங்கள் சாப்பிட்டிட்டியளோ?"

அப்பா முதலில் உண்மையைச் சொன்னார், இன்னும் சாப்பிடவில்லை என்றால் அம்மா குழாயைத் தொட விடமாட்டார். பிறகு பொய் சொல்லக் கற்றுக்கொண்டார். "நான் அப்பவே சாப்பிட்டிட்டன்" என்பார். அந்தப் பொய்யை அம்மாவிடமிருந்துதான் கற்றார் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு நாள் குழாயைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னார், "அந்தப் பியர் நல்லாத்தான் இருந்தது." அப்பா, "சுகமாகி வா, இன்னொருக்காப் போவம்" என்றார். அம்மா சிரித்தார். உங்களுக்கு வேறு என்ன விருப்பம் என்று கேட்க எனக்கு நாவில் வந்தது. வாயால் ஒன்றும் இறங்காதவரிடம் அதைக் கேட்பது கொடுமை என்று விட்டுவிட்டேன். அதுவும் பிழை.

தை மாதம், வயல் வெட்டுக்கு நிற்கும்போது அம்மா போய்விட்டார். கண்ணீர் அஞ்சலிப் பிரசுரத்துக்குப் படம் தேடினால், அந்த உணவகத்துப் படம் ஒன்றுதான் சிரித்த படம். அச்சகத்தில் கிளாசை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்கு எட்டாம் நாள் எட்டுச் செலவு. அவருக்கு விருப்பமான சாப்பாட்டையெல்லாம் சமைத்து, தலைவாழை இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுப் போகவேண்டும் என்பதற்காக. குடிக்கிற ஆம்பிளை என்றால் ஒரு கால் போத்தல் சாராயமும் வைப்பார்கள்.

விமலேஸ்வரி மாமி விடியவே வந்து குசினியைப் பொறுப்பெடுத்தார். காய் வெட்டுகிற அரிவாளை நிலத்தில் வைத்து உட்கார்ந்துகொண்டு, "சொல்லு பிள்ளை, கொம்மாவுக்கு என்ன விருப்பம்?" என்றார்.

நான் விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். மீன் தலை அப்பாவுக்கு. அடிப்பிடித்த சோறு எனக்கு. உள்ளிக் குழம்பு மாமிக்கு. அம்மாவுடையதைத் தவிர எல்லோருடைய விருப்பமும் ஞாபகம் வந்தது, எல்லாம் அம்மா சொல்லித் தெரிந்தவை. கனடாவில் இருக்கிற அம்மாவின் தம்பிக்கு எடுத்துக் கேட்டோம். "அக்கா எல்லாருக்கும் குடுத்திட்டுத்தானே சாப்பிடுவா" என்று சொல்லி அவரும் அழுதார். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன குடும்பமடி நீங்கள்" என்றார். சரியான கேள்வி.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தவறணைக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். மாமி வாய்விட்டே சொன்னார். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வியர்த்து வழிய வந்தார். ஹாண்டிலில் ஒரு பை, அதற்குள் ஈரத் துணி சுற்றிய போத்தல். பரந்தன் வரைக்கும் மிதித்துப் போய், குழாயிலிருந்து பிடித்து வந்திருக்கிறார். பிரதீபன்தான் துணி நனைத்துச் சுற்றிக் கொடுத்தானாம்.

மாமி தலையில் கை வைத்தார். "தம்பி, பொம்பிளைக்கு ஆரும் பியர் படைக்கிறதோ? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மாமி" என்றேன் நான். "ஆம்பிளைக்குச் சாராயம் வைக்கேக்குள்ள ஒருத்தரும் சிரிக்கிறேல்லையே. அம்மா வாய்விட்டு நல்லது எண்டு சொன்னது இது ஒண்டைத்தான்."

பொழுது சாய்ந்து மைம்மலாகும்போது விளக்குக் கொளுத்திப் படைத்தோம். மாமி தனக்குத் தெரிந்ததையெல்லாம் சமைத்திருந்தார். எல்லாம் நல்லாகத்தான் இருந்தன, அதில் எது அம்மாவுக்குப் பிடிக்கும் என்று தெரியாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தோம். அப்பா இலைக்குப் பக்கத்தில் கிளாசை வைத்துப் பியரை ஊற்றினார். வெயிலில் வந்ததால் நுரை பெரிதாக எழவில்லை.

"சரி, எல்லாரும் வெளியில வாங்கோ. கதவைச் சாத்துவம்" என்றார் மாமி.

நாங்கள் வந்தோம். அப்பா வரவில்லை. இலைக்கு நேர் எதிரே சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார்.

"எழும்பு தம்பி. ஆளிருந்தால் அவள் வந்து சாப்பிடமாட்டாள்."

"சாத்தாதை அக்கா" என்றார் அப்பா. "முப்பது வருசம் தனியத்தான் சாப்பிட்டவள். இண்டைக்கு நான் பாத்துக்கொண்டு இருக்கப் போறன்."

மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்பால் போனார். நான் வாசலில் நின்றேன். அப்பா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் கிளாசை இலைக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்த்தி வைத்தார்.

"நீ சாப்பிடு" என்றார், இலையைப் பார்த்து. "நான் பிறகு சாப்பிடுறன்."